உளுந்து மழை

என் அக்காள் மகனுக்கு ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் மதுரையில் கல்யாணம். அதற்காகத்தான் நான் மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று குடும்பமே நம்பியது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டேன். பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். கை கழுவிவிட்டு வந்து, "நாலு நாள் கோவில்பட்டிப் பக்கம் போயிட்டு வரேன்" என்றேன்.

"அங்க நமக்கு யாருடி இருக்கா?" என்றாள் அக்காள்.

"ஒன்பது வயசுல ஒருத்தி இருக்கா. மூணு வாரமா பேசல. ஏன்னு கேட்டுட்டு வரணும்."

அக்காள் என் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஈப்போ பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. நான்காம் ஆண்டில் எனக்குப் பதினொரு பிள்ளைகள். வகுப்புச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மின்பலகை நிற்கிறது. தொட்டால் படம் வரும், விரலால் இழுத்தால் உலகமே சுற்றும். தொழில்நுட்பத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அதைப் பெரும்பாலும் பிறந்தநாள் பாட்டுப் போடத்தான் பயன்படுத்துகிறேன். எங்கள் பள்ளிக் காவலாளி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "பலகை ரொம்பப் பெரிசு, டீச்சர். பிள்ளைகள் சத்தம்தான் வெளியே கேட்கவில்லை."

அவர் என் வகுப்பு யாழினியை நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு அவள் நினைவுதான் வந்தது. வீட்டில் அவள் வாய் ஓயாதாம். வகுப்பில் புத்தகத்தை விரித்து நிறுத்தினால் உதடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஆண்டுகள் கெஞ்சினோம், கொஞ்சினோம், மிரட்டியும் பார்த்தோம். ஒரு வரி வரவில்லை.

நாலைந்து நாட்டுத் தமிழாசிரியர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். காலை வணக்கமும் ரோஜாப்பூவுமாக வந்து கொட்டும் இடம் அது. போன வருடம் அதில் ஒரு குரல்பதிவு வந்தது. ஒரு சிறுமி பாடம் வாசிக்கிறாள், பின்னால் ஆடுகள் கத்துகின்றன. பாதி வரியில் நிறுத்தி, "இருங்க டீச்சர், ஆடு வரப்பத் தாண்டுது" என்கிறாள். ஓடுகிற சத்தம், ஆட்டை அதட்டுகிற சத்தம், மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி வருகிற சத்தம். விட்ட சொல்லிலிருந்து மறுபடி வாசிக்கிறாள். மூன்று இடத்தில் தப்பு. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

என் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. யாழினியும் சிரித்தாள். சாயங்காலம் அவள் அம்மா கைபேசியிலிருந்து எனக்கு ஒரு குரல்பதிவு வந்தது. யாழினி நாலு வரி வாசித்திருந்தாள், மூன்று தப்போடு. நான் சமையலறையில் நின்று அழுதேன். சாதம் அடிப்பிடித்துவிட்டது.

ஆட்டுக்குரல் சிறுமியின் பெயர் காளீஸ்வரி. அவளுடைய ஆசிரியை செல்வராணி, கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு நாகலாபுரத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போய் வருகிறவர். இரண்டு வகுப்பையும் கோத்துவிட்டோம். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே காளீஸ்வரி வாசிப்பாள், இங்கே யாழினி பதில் வாசிப்பாள். மூன்று செவ்வாய்க்கு முன்னால் அது நின்றது. கேட்டால் செல்வராணி, "நேர்ல சொல்லுதேன் அக்கா" என்று மட்டும் எழுதினார். போன செவ்வாய்க்கிழமை யாழினி புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். "அவ படிக்கட்டும், அப்புறம் நான் படிக்கிறேன்" என்றாள். இரண்டு ஆண்டுக் கஷ்டம் கண்ணெதிரே கரைகிறது. எனக்குப் பாயசம் இறங்கியதே பெரிய காரியம்.

முதல் நாள் பேருந்தில் ஜன்னலோர இருக்கை. சாத்தூர் தாண்டியதும் நிலம் கறுத்துவிட்டது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. பச்சையைத் தள்ளிக்கொண்டுதான் வீடு கட்டவேண்டும். இங்கே வெட்டவெளி கறுப்பாக, உழுது போட்டபடி, வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் பேச்சை வைத்து வெளியூர் என்று கண்டுபிடித்து, "பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை பாக்க வந்தீயளா?" என்றார். இல்லை என்றேன். "அப்பம் வேற என்ன பாக்க?" என்று உண்மையாகவே யோசித்தார்.

கோவில்பட்டியில் இறங்கினேன். கனகாம்பரம் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டரைப் பிடித்தபடி செல்வராணி நின்றார். குரலைக் கேட்டு நல்ல உயரமான ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, நீங்க போன்ல இருக்கத விட வெள்ளையா இருக்கீய" என்றார். அந்தப் புகழ்ச்சியை மறுக்கவில்லை.

தீப்பெட்டி ஆலை வேன் ஒன்று வந்து பெண்களை இறக்கிவிட்டுப் போனது. அதில் ஒருத்தி கைபேசியைக் காதில் வைத்தபடி நடந்தாள். அதற்குள்ளிருந்து, "அஞ்ச நாலாப் பெருக்குனா எத்தன, கண்ணுகளா?" என்று செல்வராணியின் குரல் கேட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற செல்வராணி வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு, "இருபது டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

"வேலைக்குப் போற அம்மாமாருக்குப் பிள்ளைய படிப்பப் பாக்க நேரம் ஏது? அதான் பாடத்தப் பேசி அனுப்பிருதேன். வீடு போய்ச் சேரதுக்குள்ள அவிய கேட்ருவாவ, போய்ப் பிள்ளைட்ட கேள்வி கேப்பாவ" என்றார் செல்வராணி.

இரவுச் சாப்பாடு எண்ணெயில் பொரித்த பரோட்டா. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் கைக்குட்டை மாதிரி மடியும். இது அப்பளம் மாதிரி நொறுங்கியது. சால்னாவை ஊற்றியதும் வாயில் கரைந்தது. நான் நாலாவதைக் கேட்டேன். செல்வராணி முதல் பரோட்டாவையே பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார். காளீஸ்வரி பேச்சை எடுத்தேன்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வச்சு சொல்லுதேன் அக்கா. இப்பம் சொன்னா நீங்க சாப்பிட மாட்டீய" என்றார்.

இரண்டாம் நாள் அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் சீமைக்கருவேல மரம். பள்ளிக்கூடம் இரண்டு அறை. நாலாம் வகுப்பில் ஒன்பது பேர். மின்பலகை கிடையாது. செல்வராணி தன் கைபேசியை ஒரு செம்புக்குள் இறக்கி மேசைமேல் வைத்தார். குரல் கணீரென்று அறை முழுக்கக் கேட்டது. யாழினியின் பழைய பதிவு ஒன்று ஓடியது. பிள்ளைகள் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள், செம்பைப் பார்த்து. நானும் என்னை அறியாமல் செம்பைப் பார்த்துக் கையெடுத்தேன்.

வருகைப்பதிவைக் கைபேசியில்தான் ஏற்ற வேண்டும். பள்ளிக்குள் சிக்னல் இல்லை. ஆகவே செல்வராணி தினமும் காலையில் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏழு படி ஏறுகிறார். "ஆறாவது படியில ஒரு கோடுதான் அக்கா காட்டும். ஏழாவதுல மூணு கோடு" என்றார். மேலே நின்று ஒவ்வொரு பெயராகத் தட்டினார். காளீஸ்வரி பெயர் வந்ததும் விரல் நின்றது. பிறகு 'வரவில்லை' என்பதைத் தட்டிவிட்டு இறங்கினார்.

மதியம் பிள்ளைகள் முட்டைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னார்.

காளீஸ்வரியின் அப்பா மாடசாமிக்கு ஆடுகள்தான் பிழைப்பு. அறுப்பு முடிந்த காடுகளில் ராத்திரி ஆடுகளை அடைத்து வைப்பார்கள். புழுக்கை நிலத்துக்கு உரம். இதற்குக் கிடை போடுவது என்று பெயர். ஒரு காட்டில் சில நாள், பிறகு அடுத்த ஊர்க் காடு. மழை விழுந்துவிட்டால் கரிசல் பசையாகி ஆட்டின் குளம்பைப் பிடித்துக்கொள்ளும். அன்றே கிடையைப் பிரித்து ஊர் திரும்பிவிட வேண்டும். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா, அம்மா, பிள்ளை மூவருமே கிடையோடு போய்விடுவார்கள். ஆகவே மழை வரும்வரை காளீஸ்வரிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அந்தக் குடும்பத்தில் இருப்பது ஒரே கைபேசி.

"அந்தப் போனுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம்" என்றார் செல்வராணி. "மாடசாமி அண்ணாச்சிக்குப் பச்சப் பட்டனும் செவப்புப் பட்டனும்தான் தெரியும். மத்த எல்லாம் இவதான். தெனமும் காலைல ஆட்டுப் படத்த ஸ்டேட்டஸ்ல போடுவா, எந்த ஊர்க் காடுன்னு எழுதி. கிடை வேணுங்கவிய அதப் பாத்துக் கூப்பிடுவாவ. நான் அதப் பாத்துப் பிள்ள எங்கன இருக்கான்னு தெரிஞ்சுக்கிடுவேன்."

அதற்கென்று செல்வராணி தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஊர்ப் பெயர், பக்கத்தில் 'பாடம் கேட்டாள்'. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாளோடு எழுத்து நின்றிருந்தது.

அன்றைக்கு அனுப்பியது மழைப் பாடம். புத்தகத் தமிழில் சொன்னால் பிள்ளைகள் மனதில் ஒட்டாது என்று செல்வராணி ஊர்ப் பேச்சிலேயே பேசுவார். "இன்னைக்கு நம்ம ஊர்ல நல்ல மழ. கண்மா நெறஞ்சு போச்சு. தவளச் சத்தம் காதப் பொளக்குது." சும்மா சொல்லவில்லை. தகரத்தின்மேல் ஒரு படி உளுந்தைக் கொட்டிக்கொண்டே சொன்னார். நானும் அதைக் கேட்டேன். அசல் மழைதான்.

நீளமான பதிவு அந்தக் காடுகளுக்குப் போய்ச் சேராது. அதனால் துண்டு துண்டாக அனுப்புவார். 'கண்ணுகளா, இன்னைக்கு மழைப் பாடம்' என்று தொடங்கும் முதல் துண்டு மாடசாமியின் கைபேசியில் இறங்கவில்லை. இரண்டாவது இறங்கிவிட்டது. டீச்சர் குரலில் ஊரில் மழை. பின்னால் மழைச் சத்தம் வேறு. மாடசாமி கிடையைப் பிரித்து ஆடுகளை ஊரைப் பார்க்க ஓட்டிவிட்டார்.

ஒன்றரை நாள் நடந்த பிறகுதான் எதிரே வந்தவர்கள் சிரித்தார்களாம். திரும்பிப் போனால் அவர் அடைத்திருந்த காட்டில் வேறு கிடை. புல்லும் இல்லாமல் தண்ணீரும் சரியாகக் கிடைக்காமல் நாலு நாள் அலைச்சல். புதிதாகப் பிறந்த குட்டிகளில் இரண்டு செத்துப்போயின.

"அவிய சொந்தக்காரவிய வந்து சொன்னாவ. மறுநாள் பாடம் போட்டேன், ஒத்த டிக்கோட நிக்குது. அவிய போட்டோவும் காணல. கூப்பிட்டாலும் போவல. என்னைய பிளாக் பண்ணிட்டாவ அக்கா."

"வேற போன்ல பேசியிருக்கலாமே?"

"பேசி என்ன சொல்ல? ரெண்டு ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துக்கிட்டு நாகலாபுரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அண்ணாச்சி கோவத்துல பிள்ளைய இனிமே பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாருன்னா?" அவர் கண் கலங்கியது. "நல்லாச் சொல்லிக் குடுக்கணும்னுதான் அக்கா உளுந்தக் கொட்டுனேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இதுதான். மறுநாள் சனிக்கிழமை. "காலையில ரெண்டு பேருமாப் போறோம்" என்றேன். மலேசியாவிலிருந்து வந்தவளை நாகலாபுரத்தோடு திருப்பிக் கூட்டிவர அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் கம்மங்கூழும் மோர்மிளகாயும் சாப்பிட்டுக் கிளம்பினோம். பாதி வழியில் கருவேல முள் பின் டயரில் ஏறிவிட்டது. நான் கொஞ்சம் கனம். அதைப் பற்றிச் செல்வராணி ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனோம். வெயிலில் அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி வந்தார். என்னவென்று கேட்டேன்.

"மன்னிப்புக் கேக்கதுக்குச் சொல்லிப் பாக்கேன். 'அண்ணாச்சி, தப்பு எம்மேலதான்'னு ஆரம்பிக்கவா, 'கோவமா இருக்கீயளா அண்ணாச்சி'ன்னு ஆரம்பிக்கவா?"

நாகலாபுரத்தில் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "கோட்டைக்கா?" என்றார். மாடசாமி கிடை எங்கே என்று செல்வராணி கேட்டார். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தாமல் இடது கையால் கைபேசியைத் தள்ளினார். "எங்க மச்சான் ஸ்டேட்டஸ்ல பாத்தேன். இந்தா, அவரு காட்டுலதான ஆடு நிக்குது." படத்தில் கறுப்பு நிலத்தில் ஆடுகள். ஓரத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுமியின் முதுகு. செல்வராணி அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போனது.

பதினொரு மணிக்குக் கிடைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் கொதித்தது. ஆடுகள் தள்ளி மேய்ந்தன. குட்டிகளைப் பெரிய மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து அடைத்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய மெலிந்த மனிதர் தொரட்டியைத் தோளில் சாய்த்தபடி எங்களை நோக்கி வேகமாக வந்தார். செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க டீச்சர், வாங்க!" என்றார் மாடசாமி. முகமெல்லாம் சிரிப்பு. "எங்கள மறந்தே போயிட்டீயன்னுல்லா நெனச்சேன்."

சொல்லிப் பார்த்த இரண்டு மன்னிப்புமே செல்வராணிக்கு உதவவில்லை. "நான் மறக்கல அண்ணாச்சி. நீங்கதான் என் நம்பர..."

"நம்பருக்கு என்ன? தெனமும் பிள்ளைட்ட கேக்கேன், டீச்சர் பாடம் போட்டாவளான்னு. 'போடலப்பா, போடலப்பா'ங்கா. சரி, அவியளுக்கு அங்கன என்ன சோலியோன்னு விட்டுட்டேன்."

நானும் செல்வராணியும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு மஞ்சள் சட்டையைத் தேடினோம். அது ஒரு குட்டிக் கூடைக்குப் பின்னால் குந்தியிருந்தது.

மாடசாமியின் மனைவி டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். செல்வராணி நின்ற இடத்திலேயே நின்றார். நான் கூடைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். என் முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. காளீஸ்வரி நிமிரவில்லை. கூடைக்குள் கையை விட்டுக் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்காமல் யாழினி கொடுத்தனுப்பிய பதிவைப் போட்டேன்.

"காளீஸ்வரி, நான் யாழினி பேசுறேன். நீ ஏன் படிக்கல? உன் ஆடு வரப்பு தாண்டிப் போயிருச்சா? நீ படிச்சாத்தான் நானும் படிப்பேன்."

"இன்னொருக்கப் போடுங்க" என்றாள். போட்டேன். "அவ ஏன் நான் படிச்சாத்தான் படிப்பேங்கா?"

"நீ தப்பு விட்டாலும் நிறுத்தாமப் படிக்கிற. அதைக் கேட்டாத்தான் அவளுக்குத் தைரியம் வருது."

காளீஸ்வரி குட்டியின் காதை மடித்து விட்டாள். பிறகு குட்டியிடம் சொல்வதுபோல் சொன்னாள். "நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். அன்னைக்கு மழப் பாடம் வந்துச்சுல்லா, அது பாடம்னு எனக்குத் தெரியும். டீச்சர் உளுந்து கொட்டுத சத்தம் எனக்குத் தெரியாதா? போன வருசம் கிளாஸ்ல என் கையாலதான் கொட்டச் சொன்னாவ. அப்பா கெளம்பலாம்னு சொன்னாவ. நான் சும்மா இருந்துட்டேன்."

"ஏன்டா?"

"ஊருக்குப் போனா பள்ளிக்கூடம் போலாம்லா." மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு குட்டி செத்துப் போச்சு. ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளப் பொட்டு. டீச்சர் மறுபடி பாடம் போட்டா, அன்னைக்கு வந்ததும் பாடந்தானான்னு அப்பா கேப்பாவ. அதான் டீச்சர பிளாக் பண்ணிட்டேன்."

செல்வராணி என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. நல்ல சேலையோடு அந்தக் கறுப்பு மண்ணில் அப்படியே உட்கார்ந்து பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "ஏட்டி, இதுக்குப் போயா? இதுக்குப் போயா என்னைய அடச்சு வச்ச?" என்று கேட்டுக்கொண்டே அழுதார். பிள்ளையும் அழுதாள். நான் மட்டும் எதற்கு விறைப்பாக இருக்கவேண்டும்? நானும் அழுதேன்.

பிறகு செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடசாமியிடம் போனார். "அண்ணாச்சி, அன்னைக்கு மழன்னு வந்தது நான் நடத்துன பாடம். பாடம்னு முதல்லயே நான் சொல்லிருக்கணும். தப்பு எம்மேலதான்" என்றார். பழியை முழுவதுமாகத் தானே தூக்கிக்கொண்டுவிட்டார். ஆனால் காளீஸ்வரி பின்னாலேயே வந்துவிட்டாள். "இல்லப்பா, எனக்குத் தெரியும். தெரிஞ்சே நான் சொல்லல" என்றாள்.

மாடசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். திரும்பக் கட்டவில்லை. ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் வாயிலிருந்து வரும் அடுத்த சொல்லில்தான் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

"டீச்சர், எங்க அய்யா காலத்துலருந்து நாங்க வானத்தப் பாத்துத்தான் ஆடு பத்துதோம்" என்றார் கடைசியாக. "அன்னைக்கு அண்ணாந்து பாத்தேன். ஒரு பொட்டு மேகம் கெடையாது. காத்துலயும் ஈரம் இல்ல. எனக்குத் தெரியாதா?" துண்டை முறுக்கினார். "எனக்கும் ஊருக்குப் போணும்போல இருந்துச்சு. அதான் நம்பிட்டேன்."

அடுப்புப் பக்கமிருந்து அவர் மனைவி, "எனக்குந்தான்" என்றாள்.

"ஏட்டி, வா இங்கன" என்றார் மாடசாமி. காளீஸ்வரி போனாள். அவள் தலையில் கையை வைத்தார். "குட்டி போனது நான் பத்துன பத்துல. ஒன்னால இல்ல. டீச்சரத் தொறந்து விடு."

அவர் சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த கைபேசி வெளியே வந்தது. கண்ணாடியில் நாலு விரிசல். காளீஸ்வரி நாலே தட்டில் காரியத்தை முடித்துவிட்டாள். ஒருவரை அடைத்து வைத்திருந்த நாட்களில் அவர் அனுப்பியதெல்லாம் திறந்த பிறகும் வந்து சேராது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரப் பாடம் போனது போனதுதான். செல்வராணி மலைக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துத் திரும்ப அனுப்பினார். ஒவ்வொன்றுக்கு முன்னாலும் புதிதாக ஒரு துண்டு பேசிச் சேர்த்தார்: "இது பாடம். சேதி இல்ல."

மூன்றாவது முறை அதைக் கேட்டதும் மாடசாமி சிரித்துவிட்டார். "இனிமே டீச்சர் தும்முனாக்கூட, பாடமா சேதியான்னு கேட்டுக்கிடணும்."

வெள்ளாட்டுப் பாலில் கருப்பட்டி போட்ட டீ வந்தது. ஈப்போவில் நாங்கள் காப்பியைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள். நான் அந்த டீயை மூன்று டம்ளர் குடித்தேன். எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள் என்று மாடசாமியிடம் கேட்டேன். "மழ விழுந்தா அன்னைக்கேதான். இவியளப் பிடிச்சு வைக்க என்னால முடியாது" என்று மனைவியையும் மகளையும் காட்டினார். கிளம்பும் முன் காளீஸ்வரி யாழினிக்கு ஒரு பாடம் வாசித்து என் கைபேசியில் பதிவு செய்தாள். நடுவில் ஆடு ஒன்றும் வரப்பைத் தாண்டவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலியில் ஒரு சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் விமானம் ஏறினால் குடும்பத்தில் சண்டை வரும். செல்வராணி என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, என் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு பை நிறையக் கடலைமிட்டாய் கொடுத்தார். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க வரலன்னா நான் இன்னும் நாகலாபுரத்துல வண்டியத் திருப்பிக்கிட்டு நின்னுருப்பேன்" என்றார். பரோட்டா நன்றாக இருந்தது என்று ஏதோ சொன்னேன்.

கயத்தாறில் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் பேருந்து நின்றது. தெற்கே வானம் இருண்டிருந்தது. நடத்துநர் என் பையைப் பார்த்து, "வெளிநாடா? பாஞ்சாலங்குறிச்சி பாத்தாச்சா?" என்று ஆரம்பித்தார். அதற்குள் பெரிய பெரிய துளியாகக் கூரையில் விழத் தொடங்கியது. அவர் கோட்டையை மறந்து வாசலில் போய் நின்று கையை வெளியே நீட்டினார். லாரி ஓட்டுநர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். ஒருத்தருக்கும் நனைவதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கைபேசி ஒலித்தது. செல்வராணி அனுப்பியிருந்தார். எழுத்தில்லை, ஒரு குரல்பதிவு மட்டும்.

"டீச்சர், முதல்லயே சொல்லிருதேன். இது பாடம் இல்ல. சேதி." காளீஸ்வரி கத்திப் பேசினாள். மழை இரைச்சலில் கத்தாவிட்டால் கேட்காது. "இங்கன மழ பெய்யுது. அப்பா கிடையப் பிரிச்சாச்சு. அம்மா சட்டியெல்லாம் கட்டியாச்சு. நாங்க ஊருக்கு வாரோம். உளுந்து இல்ல டீச்சர், நல்லாக் கேளுங்க." அதன்பிறகு பேச்சு இல்லை. கைபேசியை மழையைப் பார்க்கப் பிடித்திருக்கிறாள். வெகுநேரம் மழை மட்டும். நடுவில் ஓர் ஆடு கத்தியது.

கூரையில் விழும் மழையையும் காதில் விழும் மழையையும் சேர்த்துக் கேட்டேன். பிறகு அதை அப்படியே யாழினி வீட்டுக்கு அனுப்பினேன். பேருந்து கயத்தாறு தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"டீச்சர், அவ பள்ளிக்கூடத்துக்குப் போவாளா?"

விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இது சேதி என்று முதலில் சொன்னேன். பிறகு, "போவாள்" என்றேன்.